மழை பெய்கிறது, தவளைச் சத்தத்தைக் காணோம்

வேதாரண்யம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: "எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து, 2070-ல் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று இருபது நிமிட ஒலி நாடகம் செய்கிறோம். புயல், கடல் ஊருக்குள் வருவது, ஜனங்கள் ஓடுவது எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டால் மனதில் ஒட்டவே இல்லை. காலநிலை மாறிய காலத்தை ஒலியாலும் இசையாலும் நிஜமாகவே காட்ட முடியுமா? யாராவது செய்திருக்கிறார்களா?"

செய்திருக்கிறார்கள். சிலர் அருமையாக, சிலர் சுமாராக. இருபது வருஷத்துக்கு மேல் வானொலி நாடகங்களுக்கு எஃபெக்ட்ஸ் போட்டவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் புயலைத் தூக்கிவிடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியது உங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். அந்த இரவின் சத்தத்தைக் காதால் கேட்டவர்கள் உங்கள் பிள்ளைகளின் வீடுகளில் இருக்கிறார்கள். தென்னை முறியும் ஓசையை அவர்களுக்கு நீங்களும் நானும் செய்து காட்ட முடியாது. நாங்கள் ஸ்டுடியோவில் தகரத்தை ஆட்டி இடி வரவழைத்த காலத்திலிருந்து இன்று கம்ப்யூட்டரில் இழுத்துப் போடும் காலம் வரை, புயல் எஃபெக்ட் என்றாலே கேட்பவர் "ஓ, நாடகம்" என்று ஒரு அடி தள்ளி உட்கார்ந்துகொள்வார். இன்னொன்று, புயல் ஒரு ராத்திரிச் சமாச்சாரம். நீங்கள் காட்ட நினைப்பது ஒரு ஊர் மெல்ல மெல்ல வேறு ஊராவதை. அது சத்தமாக வராது. பெரும்பாலும் ஏதோ ஒரு சத்தம் இல்லாமல் போவதாகத்தான் வரும்.

இதைத் தன் காதாலேயே கண்டுபிடித்தவர் பெர்னி க்ராஸ் என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர். 1988-ல் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்ற புல்வெளியில் விடியற்காலைப் பதிவு ஒன்று எடுத்தார். அங்கே மரம் வெட்ட வந்த கம்பெனி, காட்டை மொட்டை அடிக்க மாட்டோம், இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் வெட்டுவோம், சூழல் கெடாது என்று ஊராருக்கு உறுதி சொல்லியிருந்தது. மறு வருஷம் அதே இடத்தில் மைக்கை வைத்தார். புகைப்படத்தில் பார்த்தால் புல்வெளி அப்படியே இருந்தது, ஒரு மாற்றமும் தெரியவில்லை. பதிவில் மட்டும் ஓடை ஓடுகிறது, எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டுகிறது, அவ்வளவுதான். முந்தின வருஷம் காதை நிறைத்த பறவைக் கூட்டத்தைக் காணவில்லை. கண் ஏமாந்த இடத்தில் காது ஏமாறவில்லை. இயற்கையின் ஓசையை அவர் மூன்றாகப் பிரிப்பார்: உயிர்கள் எழுப்புவது, காற்றும் நீரும் எழுப்புவது, மனிதன் எழுப்புவது. எஃபெக்ட்ஸ் போடுகிறவனுக்கு இது கைகண்ட பிரிவு. மூன்றுக்கும் தனித்தனி ட்ராக் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காலம் என்றால் முதல் ட்ராக்கின் சத்தத்தைக் குறைத்து, இரண்டாவதை அப்படியே விட்டுப் பாருங்கள். எவ்வளவு பயமாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கதையாகச் செய்ததில் நான் முதலில் சொல்வது பிபிசி வானொலி 2019-ல் வெளியிட்ட 'ஃபாரஸ்ட் 404'. இணையத்தில் தேடிய பக்கம் இல்லாவிட்டால் வருமே அந்த 404, அதுதான். திமத்தி அட்டாக் எழுதியது. கதை நடப்பது 24-ஆம் நூற்றாண்டில். பேன் (Pan) என்ற பெயருடைய கதாநாயகி பழைய ஒலிக்கோப்புகளைக் கேட்டு, வேண்டாதவற்றை அழிக்கும் வேலையில் இருக்கிறாள். நம் காலத்துப் பதிவுகளெல்லாம் அவளுக்குக் குப்பை. அப்படி அழிக்கும்போது ஒரு மழைக்காட்டின் பதிவு சிக்குகிறது. அது என்னவென்றே அவளுக்குத் தெரியாது. காடு என்ற ஒன்றை அவள் உலகம் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சத்தம் அவளை விடவில்லை.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. வானொலி நாடகத்தில் பாத்திரம் கேட்பதைத்தான் நேயரும் கேட்கிறார். பேன் கேட்கும் அதே பதிவு நம் காதிலும் விழுகிறது. அவளுக்கு அது புரியாத இரைச்சல், நமக்கோ பறவை, பூச்சி, இலை. அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது என்பதே கதையின் முழு வலி. காட்டை அழித்தார்கள், வெப்பம் ஏறியது என்று ஒரு வரி வசனம்கூடத் தேவைப்படவில்லை. அதே காட்சியைச் சினிமாவாக எடுத்தால் பச்சைப்பசேல் என்று ஒரு காட்டைக் காட்டியிருப்பார்கள், பாதி வலி போயிருக்கும்.

மொத்தம் 27 பகுதிகள்: ஒன்பது நாடகம், ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு உரை, ஒரு வெறும் ஒலிப்பதிவு. முகப்பு இசை பொனொபோ என்ற இசைக்கலைஞர். நாடகத்தோடு இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனையும் சேர்த்தார்கள். 7,500-க்கும் மேற்பட்ட நேயர்கள் இணையத்தில் கடற்கரை, காடு போன்ற ஒலிகளைக் கேட்டுப் பதில் சொன்னார்கள். சிலருக்குப் பறவை, விலங்குச் சத்தத்தோடு, சிலருக்கு அவற்றை நீக்கி. உயிர்களின் ஒலி இருந்தபோது மனதுக்கு இதமாக இருந்தது என்றவர்கள் அதிகம். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு முடிவு: அந்தச் சத்தம் யாருக்குச் சொந்த நினைவு எதையாவது கிளப்பியதோ, அவர்களுக்கு அதன் வலு கூடியிருந்தது.

உங்கள் நாடகம் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. கேட்பவருக்கு முன்பே பழகிய ஒன்று குறைந்தால்தான் குறை தெரியும். கடல் உள்ளே வருகிறது என்பது செய்தி. பழகிய ஒன்று காணாமல் போவதுதான் வலிக்கும்.

இசைக்காரர்களும் இதே வழியாகத்தான் போயிருக்கிறார்கள். 1725-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான விவால்டியின் 'நான்கு பருவங்கள்' ஐரோப்பியர்களுக்கு மனப்பாடம். நம் ஊரில்கூட லிஃப்டிலோ ஃபோனைக் காத்திருப்பில் போடும்போதோ அதன் ஒரு துண்டையாவது கேட்டிருப்பீர்கள். அது வெறும் இசை அல்ல. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கவிதை உண்டு, அதன் வரிகளை ஸ்வரங்களுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். வசந்தத்தில் மூன்று வயலின்கள் பறவைகளாகக் கொஞ்சும். அடுத்த பகுதியில் ஆட்டுக்காரன் தூங்குகிறான், வயோலா அவன் நாயாக விடாமல் குரைக்கிறது. கோடையில் குயில், புறா எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த நமக்கு இது அன்னியமே இல்லை.

2019-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து என்டிஆர் (NDR) வானொலியின் இசைக்குழு இதை எடுத்து, பறவைகள் குறைந்துபோனதற்கு ஏற்ப ஸ்வரங்களை உருவிவிட்டு, கோடையின் சாயலை மற்றப் பருவங்களுக்குள் கசியவிட்டு வாசித்தது. ஆஸ்திரேலியாவில் 2021-ல் இன்னொரு முயற்சி. 2050-க்கான காலநிலைக் கணிப்புகளைக் கணினி வழியாக அதே இசைக்குள் செலுத்தி, ஊருக்கு ஊர் வேறு வேறு வடிவம் உண்டாக்கினார்கள். சிட்னி சிம்ஃபனி வாசித்த சிட்னி வடிவம் ஒன்று, மற்ற நாட்டு இசைக்குழுக்களுக்கு அவரவர் ஊர் வடிவம்.

என் கருத்தைக் கேட்டால், ஹாம்பர்க் யோசனைக்குத்தான் மதிப்பெண் அதிகம். தெரிந்த மெட்டில் ஓட்டை விழுந்தால் காது தானாக அந்த இடத்தைத் தேடும். கணினி வடிவமோ, மூலம் மனப்பாடம் இல்லாதவருக்கு ஏதோ நவீன இசை மாதிரிக் கேட்டுவிட்டுப் போய்விடும். இரண்டையும் உங்கள் ஊரில் அப்படியே போட்டால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. விவால்டி உங்களுக்கு வேண்டாம், உங்கள் ஊரின் விவால்டி எது என்பதுதான் கேள்வி. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் வெறும் எண்களை இசையாக்குவது பற்றி ஒரு வார்த்தை. பலருக்கு முதலில் தோன்றுவது இதுதான், உங்கள் அறிவியல் ஆசிரியரும் சொல்லக்கூடும். 2013-ல் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர் டேனியல் க்ராஃபர்ட் 1880 முதல் 2012 வரையிலான உலக சராசரி வெப்பநிலையைச் செல்லோ என்ற பெரிய வயலினில் வாசித்தார். வருஷத்துக்கு ஒரு ஸ்வரம். குளிர்ந்த வருஷம் கீழ் ஸ்வரம், சூடான வருஷம் மேல் ஸ்வரம். அரை ஸ்வரம் ஏறினால் ஏறத்தாழ 0.03 டிகிரி செல்சியஸ். மொத்தமும் மூன்று ஸ்தாயிக்குள் அடங்கியது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் வருஷத்துக்கு ஒரு ஸ்வரம் என்பதை யாராவது சொல்லாவிட்டால் அது ஒரு சோகமான செல்லோ, அவ்வளவே. அதன் உண்மையான அடி, வாசித்து முடித்த பிறகு வரும் குறிப்பில் இருக்கிறது: இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இன்னும் 1.8 டிகிரி ஏறினால், அந்த ஸ்வரங்கள் மனிதக் காதுக்கே எட்டாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.8-ஐ 0.03-ஆல் வகுத்தால் 60 அரை ஸ்வரம். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு அரை ஸ்வரம், அதாவது இன்னும் ஐந்து ஸ்தாயி. ஏற்கெனவே ஏறிய மூன்றோடு சேர்த்து, செல்லோவின் அடி ஸ்வரத்திலிருந்து எட்டு ஸ்தாயி தள்ளிப் போனால் 16,700 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. ஐம்பதைத் தாண்டிய என் காதுக்கு அது சுத்தமாகக் கேட்காது. வீட்டில் சின்னப் பையனிடம் போட்டுக் காட்டினேன், "குத்துதுப்பா, நிறுத்துங்க" என்று காதைப் பொத்திக்கொண்டான். எண்ணை இசையாக்குவதில் எனக்கு இருந்த அலட்சியம் அன்று கொஞ்சம் போயிற்று. உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள், ஆசிரியர்களுக்குக் கேட்காமல் பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கும் ஒரு ஸ்வரம்.

உயிர்களே தாமாக மெட்டை மாற்றிக்கொள்வதும் உண்டு. போர்ட்டோ ரீகோ தீவில் 'கோ-கீ' என்று கத்தும் சின்னத் தவளைக்கு அந்தக் கூப்பாடே பெயர்: கோக்கீ. ஒரு மலைச்சாலையில் உயரம் வாரியாகப் பதிவு செய்து, 23 வருஷம் கழித்து அதே உயரங்களில் மறுபடி பதிவு செய்து ஒப்பிட்டார்கள். 2014-ல் வெளிவந்த ஆய்வு அது. எந்த உயரத்தை எடுத்தாலும் கத்தலின் சுருதி ஏறியிருந்தது, நீளம் குறைந்திருந்தது. அந்த இடைவெளியில் ஏறிய வெப்பத்தோடு அது பொருந்தியும் போனது. சுவர்க்கோழியும் அப்படித்தான். சூடு ஏற ஏற வேகமாக இசைக்கும். அதை எண்ணியே வெப்பநிலையைச் சொல்லலாம் என்று டால்பேர் என்ற அமெரிக்கர் 1897-லேயே எழுதிவைத்தார். ஆகவே 2070-ன் புழுக்கமான இரவு உங்களுக்கு வேண்டுமென்றால், "அப்பப்பா என்ன வெக்கை" என்ற வசனத்தை அடித்துவிட்டு, சுவர்க்கோழியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒருவருக்கும் காரணம் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் புழுங்கும்.

சரி, உங்கள் நாடகம். ஒரு கணக்கிலிருந்து தொடங்குங்கள். 2070-ல் பாட்டியாக இருக்கப்போவது யார்? இன்று உங்கள் வகுப்பில் இரட்டைப் பின்னலோடு உட்கார்ந்திருக்கும் பெண்தான். அவளுக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. எனவே நடிக்கிற பிள்ளை தன்னையே நடிக்கிறாள். எனக்குத் தோன்றுவது இப்படி.

முதல் காட்சி, இந்த வருஷம், ஐப்பசி இரவு. நல்ல மழை பெய்து ஓய்ந்து தூறுகிறது. வயல் முழுக்கத் தவளைக் கச்சேரி. அப்பா வெளிநாட்டிலிருந்து ஃபோன் செய்கிறார். "என்னம்மா, ஒண்ணுமே கேக்கல. அது என்ன சத்தம்?" "தவளைப்பா. இருங்க, ஜன்னலச் சாத்திட்டு வரேன்." நான்கு அடி நடக்கிற சத்தம், கீல் கிறீச்சிடுகிறது, கொக்கி விழுகிறது. தவளைச் சத்தம் சட்டென்று அமுங்குகிறது. "ம், இப்பச் சொல்லுங்கப்பா." பேச்சு தொடர்கிறது. சாப்பாடு, பரீட்சை, அம்மாவின் முழங்கால் வலி.

நடுவில் பத்து நிமிடம் உங்கள் கதை எதுவானாலும் இருக்கட்டும்.

கடைசிக் காட்சி, 2070, ஐப்பசி இரவு. அதே தூறல். பேத்தி ஃபோன் செய்கிறாள். "பாட்டி, சொல்லுங்க." "இரு கண்ணு, ஜன்னலச் சாத்திட்டு வரேன்." இப்போது நடை மெதுவாக இருக்கிறது. அதே கீல், அதே கொக்கி. பின்னணியில் எதுவும் மாறவில்லை, ஏனென்றால் அமுங்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு மூச்சு நேரம் விடுங்கள். "ம், இப்பச் சொல்லு." பேச்சு தொடர்கிறது. சாப்பாடு, பரீட்சை.

தவளை போச்சு என்று யாரும் சொல்லக் கூடாது. பேத்தி கேட்கவும் கூடாது. அந்த இடத்தில் யாராவது ஒரு வயலினைக் கொண்டுவந்தால் பிடுங்கி வையுங்கள்.

தவளையே ஏன் என்றால், பெரும்பாலான தவளைகளுக்கு உப்பு ஆகாது. கடல்நீர் ஏறிய வயலில் தலைப்பிரட்டை பிழைப்பது கஷ்டம். அதற்காக ஒரே ஒரு 2070-தான் காத்திருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், அது பொய். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-ல் கொடுத்த கணக்கில், 2100-க்குள் உலகக் கடல்மட்டம் உயர்வது, உமிழ்வை வெகுவாகக் குறைத்தால் 0.28 முதல் 0.55 மீட்டர், மிக அதிகமாகவே போனால் 0.63 முதல் 1.01 மீட்டர். பாதை பொறுத்து இவ்வளவு வித்தியாசம். கடைசிக் காட்சியை இரண்டு விதமாகப் பதிவு செய்து ஒரு நாளைக்கு ஒன்று போடலாம். ஒன்றில் வெறும் தூறல், இன்னொன்றில் தூரத்தில் ஒரே ஒரு தவளை. எது அதிகம் பாதிக்கிறது என்று வகுப்பில் கேளுங்கள். எனக்கு அந்த ஒற்றைத் தவளை.

இசைக்கு வருவோம். காலநிலை மாறிய நிலத்துக்கு இசை தேடி நாம் வெளியே அலையவே வேண்டாம். தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருளைச் சொல்லும்போது "தெய்வம் உணாவே மாமரம் புட்பறை செய்தி யாழின் பகுதியொடு தொகைஇ" என்று மரத்தையும் பறவையையும் பறையையும் யாழையும் ஒரே மூச்சில் வைக்கிறது. மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை. மண் மாறினால் பறையும் மாற வேண்டும் என்பது அந்தக் கணக்கு. இளங்கோவடிகள் இன்னும் ஒருபடி மேலே போய், முல்லையும் குறிஞ்சியும் "நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப் பாலை என்பதோர் படிவம் கொள்ளும்" என்கிறார். ஒரு நிலம் திரிந்து வேறு நிலமாகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி மாறுவது வேறு ஜோடி நிலம். வயலுக்குள் உப்பு ஏறினால் மருதம் நெய்தலாகிறது. நெய்தலுக்குரிய யாழ் விளரி, இரங்கலுக்கு உரிய இசை.

ஆனால் மருதப் பண்ணும் விளரியும் எப்படி ஒலிக்கும் என்று உங்கள் நேயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? அதே பழைய விதி இங்கேயும் பொருந்தும், பழகாதது குறைந்தால் வலிக்காது. அதனால் பண்ணை விட்டுவிட்டு, ஊர்க் கிழவிகளிடம் போங்கள். நடவுப் பாட்டு தெரிந்தவர்கள் இன்னும் இருப்பார்கள். கடற்கரைப் பக்கம் போனால் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு. முதல் காட்சிக்கு முன் நடவுப் பாட்டு நான்கு வரி, சேற்றில் கால் எடுத்து வைக்கும் ஓசையோடு. கடைசிக் காட்சிக்கு முன் அதே மெட்டு, அதே குரல், ஆனால் பின்பாட்டு "ஏலேலோ ஐலசா" என்று வருகிறது, காலடியில் சேற்றுக்குப் பதில் அலை. ஒரு நிமிடத்தில் மருதம் நெய்தலாகிவிடும், உரையாசிரியர் தேவையில்லை. உங்கள் ஊரின் விவால்டி அந்தக் கிழவிதான்.

வில்லுப்பாட்டு தெரிந்தவர் யாராவது கிடைத்தால் அதுவும் நல்ல சட்டகம். அதில் பக்கப்பாட்டுக்காரர் ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போடுவார். 2070-ன் கதை வரும்போது அந்த "ஆமா" கொஞ்சம் தாமதமாக வரட்டும், ஒரு இடத்தில் வராமலே போகட்டும்.

ஒரு எச்சரிக்கை, என் சொந்த அவமானத்திலிருந்து. வருஷங்களுக்கு முன் ஒரு நாடகத்தில் தஞ்சாவூர்க் கிராமத்து விடியல் வேண்டியிருந்தது. அவசரத்தில் வெளிநாட்டு எஃபெக்ட்ஸ் தொகுப்பிலிருந்து ஒரு பறவைச் சத்தத்தை எடுத்துப் போட்டுவிட்டேன். தேன் மாதிரி இருந்தது. ஒலிபரப்பான மறுநாள் ஒரு பெரியவர் ஃபோன் செய்தார். "தம்பி, நாடகம் நல்லா இருந்துச்சு. அது எந்த ஊருக் குருவி?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இணையத்தில் கிடைக்கும் 'காடு', 'கிராமம்' பதிவுகளைத் தொடாதீர்கள். உங்கள் கோடியக்கரைச் சதுப்பின் சத்தம் வேறு எந்த நாட்டுச் சதுப்பிலும் கிடைக்காது.

எல்லாம் இழப்புதானா, இதைக் கேட்டுப் பிள்ளைகள் சோர்ந்துவிட மாட்டார்களா என்று தலைமையாசிரியர் கேட்கக்கூடும். அவருக்கு ஒரு மீன் கதை. உயிருள்ள பவளப்பாறை பயங்கரச் சத்தக்காரி. சொடுக்கு இறால்கள் பொரி பொரிவதுபோல் வெடித்துக்கொண்டே இருக்கும், மீன்கள் உறுமும். குஞ்சு மீன்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வீடு தேடி வரும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு 2016, 2017 வெப்பத்தில் வெளுத்தபிறகு அந்த இரைச்சல் அடங்கிப்போனது. ஆராய்ச்சிக்காரர்கள் செத்த பவளக் குவியல்களுக்குப் பக்கத்தில் தண்ணீருக்கடியில் ஸ்பீக்கர் வைத்து, நல்ல நாளில் எடுத்த பவளப்பாறைப் பதிவை நாற்பது நாள் ஓடவிட்டார்கள். சத்தம் போடாத குவியல்களோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு மீன் வந்து தங்கியிருந்தது. 2019-ல் வெளியான முடிவு. இல்லாத ஒரு ஊரை ஒலியால் சொன்னார்கள், நம்பிக் குடிவந்துவிட்டன. பவளம் அதனால் மட்டும் பிழைத்துவிடாதுதான், வெப்பம் குறைய வேண்டும். ஆனால் அந்தப் பழைய பதிவு கையில் இருந்ததால்தான் அதுவும் முடிந்தது.

ஆகவே பிள்ளைகளின் முதல் வேலை வசனம் எழுதுவது அல்ல, பதிவு எடுப்பது. சாதாரண ஃபோன் போதும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், கையில் பிடிக்காமல் கல் மேலோ திண்ணை மேலோ வையுங்கள், காற்று அடித்தால் மைக் ஓட்டை மேல் கொஞ்சம் பஞ்சு. பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, இதுதான் எட்டாம் வகுப்புக்குக் கஷ்டமான பகுதி. தேதி, நேரம், இடம் மூன்றையும் பதிவின் கடைசியில் ஒருவர் வாயால் சொல்லிவிடட்டும், தாள் தொலையும், குரல் தொலையாது. உப்பளத்தில் பலகையால் உப்பை வாரும் ஓசை, விடியலில் பூநாரைக் கூட்டம், நடவுப் பாட்டு. நாடகம் தயாரானதும் பக்கத்துச் சமுதாய வானொலியைக் கேட்டுப் பாருங்கள். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகவே ஓடும் கடல் ஓசை 90.4 போன்ற நிலையங்களின் நேயர்களுக்குக் கடலைப் பற்றி நீங்கள் பாடம் நடத்தவே வேண்டியிருக்காது.

ஐப்பசி மழை பிடித்த முதல் இரவில் தவளையை எடுத்துவிடுங்கள். ஜன்னல் சாத்தும் சத்தத்தையும் அன்றைக்கே, அதே ஃபோனில், இரண்டு முறை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கீலுக்கு எண்ணெய் மட்டும் போட்டுவிடாதீர்கள்.